நம் தெருவின் திட்டத்தை யார் எழுதுவது?



சில ஆண்டுகளுக்கு முன் நம் அறக்கட்டளை சார்பில் மையவாடிக்குப் போகும் பாதையில் நாற்பது மரக்கன்றுகள் நட்டோம். கூண்டு, எரு, தண்ணீர் ஊற்ற ஆள் என எல்லா ஏற்பாடும் செய்தோம். படம் எடுத்து இதே இதழில் போட்டோம். இன்று அங்கே நிற்பது ஏழு. ஒரு வரிசை மின்கம்பிக்கு நேர் கீழே அமைந்துவிட்டது; வளர்ந்த பிறகு வெட்ட வேண்டியதாயிற்று. மற்ற வரிசை மழைநீர் ஓடும் தாழ்வில் இருந்தது. ஐப்பசி மழையில் வேர் அழுகியது. தினமும் அந்த வழியே ஆடு ஓட்டிப் போகும் அம்மா ஒருவர் பிறகு என்னிடம் சொன்னார்: "நடுறதுக்கு முன்னாடி எங்களை ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்போமே, பாய்."

இடத்தைத் தேர்வு செய்த ஆறு பேரில் நானும் ஒருவன். ஆறு பேரில் ஒருவர்கூட அந்தப் பாதையில் தினமும் நடப்பவர் இல்லை.

பெரிய திட்டங்களிலும் இதுதான் நடக்கிறது. சாலை வருகிறது, அதைக் கடக்க வழி இல்லை. பேருந்து நிறுத்தம் வருகிறது, நிழல் இல்லை. குறையைப் பிறகு பேசுவதைவிட, திட்டம் தாளில் இருக்கும்போதே பேச நமக்கு இடம் இருக்கிறது. அதை நாம்தான் அதிகம் பயன்படுத்துவதில்லை.

அந்த இடம் கிராம சபை. 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப்படி, ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள ஒவ்வொருவரும் அதன் உறுப்பினர். யாரும் நம்மை அழைக்க வேண்டியதில்லை. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களோடு, உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22, உள்ளாட்சி நாளான நவம்பர் 1 ஆகியவையும் சேர்ந்து ஆண்டுக்கு ஆறு கூட்டங்கள். குறைந்தபட்ச வருகை எண்ணிக்கையும் உண்டு: மக்கள்தொகை 500 வரை என்றால் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர். ஊராட்சியின் அடுத்த ஆண்டு வளர்ச்சித் திட்டமும் கிராம சபையின் முன் வந்தாக வேண்டும். ஓமந்தூரிலும் சுற்றியுள்ள ஊராட்சிகளிலும் வசிக்கும் நம் குடும்பங்களுக்கு இதுதான் வாசல்.

திண்டிவனம் நகராட்சிக்குள் வசிப்பவர்களுக்குப் பகுதி சபா. 2022 நவம்பர் 1 அன்று தமிழக நகரங்களில் முதல்முறையாகக் கூட்டப்பட்டது. வார்டு உறுப்பினர் தலைமையில், அந்தப் பகுதி வாக்காளர்கள் கூடும் கூட்டம் அது. நகரத்துக்கு முழுமைத் திட்டம் தயாரிக்கும்போதும் நம் கருத்தைச் சொல்லலாம். 1971ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டப்படி வரைவை வெளியிட்டு, ஆட்சேபணை எழுதித்தர குறைந்தது இரண்டு மாதம் அவகாசம் தர வேண்டும். எந்த நிலம் குடியிருப்பு, எங்கே சாலை, எது திறந்தவெளி என்பதெல்லாம் அந்த வரைபடத்தில்தான் முடிவாகிறது. வீடு கட்ட அனுமதி கேட்டுப் போகும்போதுதான் நம்மில் பலர் அதை முதன்முதலாகப் பார்க்கிறோம்.

மக்களைக் கேட்டுச் செய்தால் என்ன நடக்கும் என்பதற்கு உதாரணம் தொலைவில் இல்லை. பக்கத்துப் புதுச்சேரியில் 1999இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியுதவியோடு 84 ஏரிகளைச் சீரமைக்கும் திட்டம் தொடங்கியது. அங்கே ஊருக்கு ஊர் ஏரிப் பயன்படுத்துவோர் சங்கம் அமைத்தார்கள். ஏரியால் பயன்பெறுவோர் என்றால் நஞ்சை வைத்திருப்பவர் மட்டுமா? மாடு குளிப்பாட்டுபவர், மீன் பிடிப்பவர், கரையோரம் விறகு பொறுக்கும் பெண்கள் எல்லாருமே அல்லவா? மதகு எங்கே கசிகிறது, வரத்துக்கால் எந்த இடத்தில் அடைபட்டது என்பது அவர்களுக்குத்தான் தெரியும். பொறியாளருக்கு அளவு தெரியும். இரண்டும் சேர வேண்டும்.

நம் பகுதிக்கு இது இன்னும் பொருந்தும். இந்தப் பக்கத்து ஏரிகள் பலவற்றின் உபரிநீர் ஒன்றிலிருந்து ஒன்றாக வழிந்து கடைசியில் கழுவேலியில் சேர்கிறது. 2021இல் பறவைகள் சரணாலயமாகவும், 2024இல் ராம்சார் ஈரநிலமாகவும் அறிவிக்கப்பட்ட அதே கழுவேலிதான். ஒரு தெருவில் வாய்க்காலை மூடிக் கடை கட்டினால் அடுத்த ஊர் ஏரிக்குத் தண்ணீர் குறையும், நம் தெருவில் தண்ணீர் நிற்கும்.

கூட்டத்தில் எப்படிக் கேட்பது? "எங்கள் தெருவுக்கு ஒன்றுமே செய்யவில்லை" என்று சத்தம் போட்டால் பதிவேட்டில் எழுத எதுவும் இருக்காது. "பள்ளிவாசல் தெரு முனையிலிருந்து பேருந்து நிறுத்தம் வரை இத்தனை மீட்டர், நடுவில் உடைந்த சிறுபாலம், காலையில் இத்தனை பிள்ளைகள் இந்த வழியே பள்ளிக்குப் போகிறார்கள், பாலத்தைச் சரிசெய்து, கிழக்குப் பக்கம் மட்டும் புங்கன், பூவரசு நடவேண்டும்" என்று எழுதிக் கையெழுத்துகளோடு கொடுத்தால், அது தீர்மானமாகலாம். தீர்மானம் பதிவேட்டில் ஏறியதா என்று அங்கேயே பார்த்துவிட வேண்டும். பிறகு நகல் கேட்கலாம். தகவல் உரிமைச் சட்டமும் இருக்கிறது.

ஒரு விஷயத்தை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். நம் அறிவிப்புகளை ஜும்ஆவுக்குப் பின் செய்கிறோம், கேட்பவர்கள் ஆண்கள். பிள்ளையைப் பள்ளியில் விடுவது, ரேஷன் கடைக்கு நடப்பது, சுகாதார நிலையத்தில் காத்திருப்பது பெரும்பாலும் பெண்கள். தெருவிளக்கு எங்கே எரியவில்லை என்று என் வீட்டிலேயே எனக்குமுன் தெரிந்தவர் என் மனைவி. ஆனால் கிராம சபைக்கு நம் வீட்டுப் பெண்கள் எத்தனை பேர் போயிருக்கிறார்கள்? மஷூரா என்று அடிக்கடி பேசுகிறோம். குர்ஆனில் ஷூரா என்ற பெயரிலேயே ஓர் அத்தியாயம் இருக்கிறது. கலந்தாலோசனையில் பாதிப்பேர் இல்லாமல் போனால் அது என்ன மஷூரா?

பணம் பற்றி. அரசின் நமக்கு நாமே திட்டத்தில் பொதுவாக மூன்றில் ஒரு பங்கு மக்கள் பங்களிப்பு தேவை. சிறுபாலமோ நிழற்குடையோ அந்த வழியில் அமைந்தால் அறக்கட்டளை ஒரு பகுதியைத் தர நிர்வாகக் குழு பேசியிருக்கிறது. இதற்கு ஜகாத் நிதியைத் தொடமாட்டோம். அது எட்டு வகையினருக்கு உரியது. பொது நன்கொடையிலிருந்துதான் தருவோம். நிழற்குடை நம் மஹல்லாவுக்கு மட்டுமல்ல, ஊருக்கே என்பதால் மற்ற தெருக்காரர்களிடமும் பேசிவிட்டே கேட்போம்.

அடுத்த கிராம சபைக்கு முன் வரும் ஞாயிற்றுக்கிழமை, அஸர் தொழுகைக்குப் பின் பள்ளிவாசல் வாசலிலிருந்து பேருந்து நிறுத்தம் வரை நடக்கிறோம், இன்ஷா அல்லாஹ். அளவு நாடாவும் நோட்டும் நான் கொண்டுவருகிறேன். பெண்களுக்குத் தனிக் குழு மதரஸாவிலிருந்து புறப்படும். பெரியவர்கள் நடக்க முடியாவிட்டால், பழைய வாய்க்கால் எந்த வழியாக ஓடியது என்பதை வீட்டிலிருந்தே சொன்னால் வந்து எழுதிக்கொள்கிறோம். ஆடு மேய்க்கும் அம்மாவிடமும் சொல்லியிருக்கிறேன். அன்று வருவதாகச் சொன்னார்.