நாட்டுக்கு நாடு மாறும் பிளக்!

கோடை விடுமுறை வந்தால் உங்களில் சிலர் சிங்கப்பூர் மாமா வீட்டுக்கோ, துபாயில் வேலை பார்க்கும் அப்பாவிடமோ போவீர்கள். சில வீடுகளில் தாத்தாவும் பாட்டியும் பேரக்குழந்தையைப் பார்க்க அமெரிக்காவுக்குப் புறப்படுவார்கள். பாஸ்போர்ட், விசா, டிக்கெட், பருப்புப்பொடி, ஊறுகாய் என்று எல்லாவற்றையும் இரண்டு தடவை சரிபார்ப்பார்கள். ஆனால், போய் இறங்கிய முதல் இரவிலேயே ஒரு சிக்கல் வரும். 'பத்திரமாக வந்து சேர்ந்தோம்' என்று சொல்ல செல்போனை எடுத்தால் அதில் சார்ஜ் இருக்காது. சார்ஜரைச் செருகப் போனால் பிளக் சுவரில் நுழையவே நுழையாது!

ஏன் நுழையவில்லை? நுழைந்தால் மட்டும் போதுமா? வாருங்கள், பார்ப்போம்.

சுவரில் ஒரு முகம்

முதலில் உங்கள் வீட்டு பிளக் பாயிண்ட்டைத் தள்ளி நின்று பாருங்கள். மேலே பெரிய வட்டத் துளை ஒன்று, கீழே சிறிய வட்டத் துளைகள் இரண்டு. கீழே உள்ள இரண்டும் மின்சாரம் போய் வரும் வழிகள். மேலே உள்ளது 'எர்த்'. கருவியில் கோளாறு ஏற்பட்டு அதன் உலோக உடலில் மின்சாரம் கசிந்தால், நம்மைத் தாக்காமல் நிலத்துக்கு அனுப்பும் பாதுகாப்பு வழி அது. அதனால்தான் பிளக்கில் எர்த் பின் மட்டும் தடிமனாகவும் நீளமாகவும் இருக்கும். செருகும்போது முதலில் தொடுவதும், பிடுங்கும்போது கடைசியில் விடுவதும் அதுதான்.

இந்த வகைக்கு 'டி' என்று பெயர். பிரிட்ஜ், ஏசி போன்றவற்றுக்கு இதைவிடப் பெரிய பிளக் இருக்குமே, அது 'எம்' வகை. உலகில் இப்படி 'ஏ' முதல் 'ஓ' வரை மொத்தம் 15 வகை பிளக்குகள் உள்ளன. 1906-ம் ஆண்டு லண்டனில் தொடங்கப்பட்ட சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம் என்ற அமைப்பு இவற்றைப் பட்டியலிட்டுள்ளது.

ஏன் இத்தனை வகை?

வீடுகளுக்கு மின்சாரம் வந்த புதிதில் அது விளக்கு எரிக்க மட்டுமே வந்தது. சுவரில் பிளக் பாயிண்ட் என்ற ஒன்றே கிடையாது. வேறு கருவியை இயக்க வேண்டுமானால், பல்பைக் கழற்றிவிட்டு அந்த ஹோல்டரில் மாட்டுவார்கள். அமெரிக்காவில் ஹார்வி ஹப்பல் என்பவர் எளிதாகச் செருகிப் பிடுங்கும் பிளக்குக்கு 1904-ல் காப்புரிமை பெற்றார். மற்ற நாடுகளும் தங்கள் வசதிக்கேற்ப ஆளுக்கொரு வடிவம் செய்துகொண்டன. வெளிநாட்டுக்குக் கையில் எடுத்துச் செல்லும் மின்கருவி எதுவும் அப்போது இல்லை. அதனால் எல்லோருக்கும் ஒரே பிளக் வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

நம் 'டி' வகை, ஆங்கிலேயர் ஆட்சியில் இங்கு வந்த பழைய பிரிட்டிஷ் பிளக். வேடிக்கை என்னவென்றால், பிரிட்டன் அதைக் கைவிட்டுவிட்டது! இரண்டாம் உலகப்போரில் இடிந்த வீடுகளைத் திரும்பக் கட்டும்போது செம்புக்குத் தட்டுப்பாடு. குறைந்த செம்புக் கம்பியில் வீடு முழுவதும் வயரிங் செய்ய ஒரு புதிய முறையைக் கொண்டுவந்தார்கள். அதற்கேற்ப, உள்ளேயே பியூஸ் வைத்த, மூன்று பட்டைப் பின்கள் உள்ள புதிய பிளக் 1947-ல் வந்தது. நாம் சுதந்திரம் அடைந்த அதே ஆண்டு! அதுதான் 'ஜி' வகை. சிங்கப்பூர், மலேசியா, துபாய், ஹாங்காங் ஆகிய இடங்களில் இன்று நீங்கள் பார்ப்பது இதைத்தான். இலங்கையில் 'டி', 'ஜி' இரண்டையும் காணலாம்.

'உலகம் முழுவதற்கும் ஒரே பிளக்' என்று 1986-ல் ஒரு வடிவமும் வெளியிடப்பட்டது. பிரேசிலும் தென் ஆப்பிரிக்காவும் அதைத் தழுவிய 'என்' வகையை ஏற்றன. மற்ற நாடுகள் தயங்கின. கோடிக்கணக்கான வீடுகளின் சுவர்களை மாற்றுவது லேசான வேலையா?

அடாப்டர் என்ன செய்யும்?

ஒரு பக்கம் நம் பிளக்கை ஏற்கும். மறுபக்கம் அந்த நாட்டுச் சுவரில் பொருந்தும். அவ்வளவுதான் அடாப்டர். அது மாற்றுவது வடிவத்தை மட்டும்தான், மின்சாரத்தை அல்ல! இந்த ஒரு வரியை மறந்தால்தான் ஆபத்து.

மாடியில் தண்ணீர்த் தொட்டி எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ, அவ்வளவு வேகத்தில் குழாயில் தண்ணீர் வரும் அல்லவா? மின்சாரத்தைத் தள்ளும் அழுத்தத்தை 'வோல்ட்' என்ற அலகால் அளக்கிறோம். நம் வீட்டில் 230 வோல்ட். அமெரிக்காவில் 120 வோல்ட். ஜப்பானில் 100 வோல்ட்தான்.

எடிசன் 1882-ல் நியூயார்க்கில் மின்நிலையம் தொடங்கியபோது, தன் பல்புகளுக்கு ஏற்ப 110 வோல்ட் கொடுத்தார். ஐரோப்பாவில் பின்னர் இரு மடங்கு அழுத்தத்துக்கு மாறினார்கள். அழுத்தம் கூடினால் மெல்லிய கம்பியே போதும், செம்பு மிச்சம். ஆனால், அதற்குள் அமெரிக்க வீடுகளில் கருவிகள் நிறைந்துவிட்டதால் அங்கே மாற்ற முடியவில்லை.

இப்போது ஒரு கணக்கு. நம் ஊர் 1000 வாட் அயர்ன் பாக்ஸை அடாப்டர் போட்டு அமெரிக்காவில் செருகினால் என்ன ஆகும்? அழுத்தம் ஏறத்தாழப் பாதி. சூடு பாதியாகக் குறையாது. ஏறத்தாழக் கால் பங்காகக் குறைந்துவிடும்! அதாவது சுமார் 270 வாட். சட்டையின் சுருக்கம் அப்படியே இருக்கும். இதையே திருப்பிப் பாருங்கள். அமெரிக்காவில் வாங்கிய 120 வோல்ட் தலைமுடி உலர்த்தியை நம் வீட்டில் செருகினால், அது தாங்க வேண்டியதைப்போல் மூன்றரை மடங்குக்கும் மேலான சூடு உண்டாகும். புகைதான் வரும்! அமெரிக்கா போகும் குடும்பங்கள் கடையில் '110 வோல்ட் மிக்ஸி' என்று கேட்டு வாங்குவது இதனால்தான்.

சார்ஜர் சொல்லும் சேதி

அப்படியானால் செல்போன் சார்ஜர்? பயப்பட வேண்டாம். அதன் முதுகில் பொடி எழுத்தில் ஒரு சேதி இருக்கும். 'இன்புட்' என்ற ஆங்கிலச் சொல்லை அடுத்து '100-240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ்' என்று இருந்தால், அது உலகம் சுற்றும் சார்ஜர். எந்த நாட்டிலும் அடாப்டர் மட்டும் போதும். இன்றைய செல்போன், லேப்டாப், கேமரா சார்ஜர்களில் பெரும்பாலானவை இப்படிப்பட்டவையே. '230 வோல்ட்' என்று மட்டும் இருந்தால், அது உள்ளூர்ப் பிள்ளை. அமெரிக்காவுக்கும் ஜப்பானுக்கும் அது வேண்டாம்.

எங்கள் தெருவில் மூச்சிரைப்பு உள்ள ஒரு பாட்டி இருக்கிறார். அவர் மகள் வீட்டுக்கு அமெரிக்கா கிளம்பியபோது, மருந்தை நுண்துளிகளாக்கி உள்ளிழுக்க உதவும் நெபுலைசரையும், கடையில் வாங்கிய அடாப்டரையும் பெட்டியில் வைத்துவிட்டார்கள். ஏழாம் வகுப்பு படிக்கும் பேத்திதான் கருவியைக் கவிழ்த்து, அடியில் இருந்ததைப் படித்தாள். '230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்' என்று மட்டுமே இருந்தது. "பாட்டி, இது அங்க சரியா ஓடாது" என்றாள். உடனே மகளுக்குப் போன் செய்து, டாக்டரிடமும் கேட்டு, அங்கேயே 120 வோல்ட் கருவி ஒன்றை முன்கூட்டியே வாங்கி வைத்தார்கள். நள்ளிரவில் மூச்சுத் திணறும்போது தெரிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? பொடி எழுத்தைப் படிக்க உங்கள் கண்களுக்கு முடியும். பெரியவர்களுக்குப் படித்துச் சொல்லுங்கள்.

ஒரே நாடு, இரண்டு மின்சாரம்

அது என்ன 50 ஹெர்ட்ஸ், 60 ஹெர்ட்ஸ்? வீட்டு மின்சாரம் ஒரே திசையில் ஓடாது. முன்னும் பின்னுமாக ஊசலாடும். நம் நாட்டில் விநாடிக்கு 50 முறை. அமெரிக்காவில் 60 முறை. இந்த ஊசலாட்டத்தை எண்ணி ஓடும் மின்கடிகாரங்கள் உண்டு. 50 ஹெர்ட்ஸுக்குச் செய்த கடிகாரத்தை 60 ஹெர்ட்ஸில் ஓட்டினால், ஒரு மணி நேரத்துக்கு 12 நிமிடம் முந்திக்கொள்ளும்!

ஜப்பானில் டோக்கியோ பக்கம் 50 ஹெர்ட்ஸ், ஒசாகா பக்கம் 60 ஹெர்ட்ஸ். 19-ம் நூற்றாண்டின் இறுதியில் டோக்கியோ ஜெர்மனியிலிருந்தும், ஒசாகா அமெரிக்காவிலிருந்தும் ஜெனரேட்டர் வாங்கியதன் விளைவு இது. 2011 மார்ச் 11 நிலநடுக்கத்தில் கிழக்கே மின்நிலையங்கள் முடங்கியபோது, மேற்கிலிருந்து கொஞ்ச மின்சாரமே அனுப்ப முடிந்தது. என்றோ வாங்கிய இயந்திரம், நூறு ஆண்டுகளுக்குப் பிறகும் சிக்கல் தந்தது பாருங்கள்!

பேனாவால் குத்தாதீர்கள்!

இப்போது சொல்லப்போவது மிக முக்கியம். 'ஜி' வகை சாக்கெட்டின் கீழ்த்துளைகளுக்குள் சின்னக் கதவுகள் உண்டு. பெரும்பாலானவற்றில், மேலே உள்ள நீண்ட எர்த் பின் நுழைந்தால்தான் அவை திறக்கும். குழந்தைகள் கம்பியையோ ஊக்கையோ விட்டுவிடக் கூடாது என்பதற்கான காவல் இது. சிலர் அடாப்டர் இல்லாமல், மேல்துளையில் பேனா முனையைக் குத்திக் கதவைத் திறந்து, நம் இரண்டு பின் சார்ஜரைத் திணிப்பார்கள். யார் செய்தாலும் நீங்கள் செய்யாதீர்கள். பின் சரியாகப் பொருந்தாமல் தளர்வாக நின்று சூடேறும், தீப்பொறி பறக்கும். குத்தும் பொருள் உலோகமாக இருந்து துளை மாறிவிட்டால் உயிருக்கே ஆபத்து. அடாப்டரின் விலை ஒரு உயிரைவிடப் பெரிதல்ல.

இன்னும் சில குறிப்புகள்:

* 'எல்லா நாட்டுக்கும் ஒன்று' என விற்கும் அடாப்டர்கள் பலவற்றில் எர்த் இணைப்பு இருக்காது. சார்ஜருக்குச் சரி, கெட்டில், அயர்ன் பாக்ஸ் போன்றவற்றை அதில் செருகக் கூடாது.

* அமெரிக்காவிலும் ஐரோப்பாவின் பல நாடுகளிலும் பிளக் பாயிண்ட் அருகே சுவிட்ச் இருக்காது. செருகியவுடனே மின்சாரம் வந்துவிடும். ஈரக்கையால் தொடாதீர்கள்.

* பல ஓட்டல்களில் அறைச் சாவி அட்டையை அதன் இடத்திலிருந்து எடுத்தால் மின்சாரம் நின்றுவிடும். வெளியே போய் வருவதற்குள் போன் சார்ஜ் ஆகியிருக்கும் என்று நம்பாதீர்கள்.

* பவர் பேங்க்கை விமானத்தில் கைப்பையில்தான் வைக்க வேண்டும். சரக்கு அறைக்குப் போகும் பெட்டியில் வைக்கக் கூடாது. உள்ளே இருக்கும் லித்தியம் பேட்டரி தீப்பிடித்தால், கைப்பையில் என்றால் உடனே பார்த்து அணைக்க முடியும்.

எந்த ஊரில் எது?

சிங்கப்பூர், மலேசியா, துபாய், இங்கிலாந்து: 'ஜி' வகை. அழுத்தம் நம்மைப் போலத்தான்.

அமெரிக்கா, கனடா: 'ஏ', 'பி' வகை, 120 வோல்ட்.

ஜப்பான்: பெரும்பாலும் 'ஏ' வகை, 100 வோல்ட்.

பிரான்ஸ் 'இ' வகை, ஜெர்மனி 'எஃப்' வகை: இரண்டிலும் 230 வோல்ட்.

ஆஸ்திரேலியா, நியூசிலாந்து: கூரைபோல் சாய்ந்த பட்டைப் பின்கள் உள்ள 'ஐ' வகை, 230 வோல்ட்.

சுவர்கள் மாறாவிட்டாலும் கருவிகள் மெல்ல ஒன்றுபட்டு வருகின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 டிசம்பர் 28 முதல் விற்பனைக்கு வரும் புதிய செல்போன்கள் எல்லாம் 'யுஎஸ்பி-சி' என்ற ஒரே வகைத் துளையோடு இருக்க வேண்டும் என்பது சட்டம்.

செய்து பாருங்கள்

அம்மா அல்லது அப்பாவின் துணையோடு, பிளக்கிலிருந்து கழற்றிய ஐந்து கருவிகளை எடுங்கள். ஒவ்வொன்றிலும் எழுதியிருக்கும் வோல்ட், ஹெர்ட்ஸ், வாட் எண்களை நோட்டில் அட்டவணையாக எழுதுங்கள். எது உலகம் சுற்றும், எது வீட்டிலேயே இருக்க வேண்டும் என்று எதிரே குறியுங்கள். அடுத்த முறை வீட்டில் யாராவது வெளிநாடு கிளம்பும்போது, பெட்டியை மூடுவதற்கு முன் அந்த நோட்டை எடுத்து வாருங்கள்!