அகராதி இருந்தும் பேசுவோர் அருகிப்போன டகோட்டா மொழி

எழுத்தும் அச்சும் இருந்தால் ஒரு மொழி பிழைத்துவிடும் என்றுதான் நாம் நம்புகிறோம். வட அமெரிக்கப் பூர்வகுடிகளான டகோட்டா மக்களின் கதை அந்த நம்பிக்கையை ஆட்டிவிடுகிறது.

மினசோட்டா என்ற மாநிலத்தின் பெயரே அவர்களுடைய மொழியில் பிறந்ததுதான். 1852இலேயே அம்மொழிக்கு இலக்கணமும் அகராதியும் அச்சாகிவிட்டன. 1862இல் அமெரிக்க அரசோடு நடந்த போரில் டகோட்டாக்கள் தோற்றார்கள். டிசம்பர் 26ஆம் திகதி மன்கேற்றோ நகரில் 38 பேர் ஒரேயடியாகத் தூக்கிலிடப்பட்டார்கள். மிஞ்சியவர்கள் சிறைக்குள் எழுதப் படித்து, தங்கள் மொழியிலேயே கடிதம் எழுதினார்கள். அவற்றுள் ஐம்பது கடிதங்கள் 2013இல் மொழிபெயர்ப்போடு நூலாக வந்தன. 1871 முதல் ஒரு டகோட்டாப் பத்திரிகையும் வெளிவந்தது.

இவ்வளவும் இருந்தும் மொழி ஏன் ஒடுங்கியது? 1887இல், பூர்வகுடிப் பிள்ளைகளுக்கு ஆங்கிலத்தில் மட்டும்தான் படிப்பிக்க வேண்டும் என்று அரசு கட்டளையிட்டது. பிள்ளைகளைத் தாய் தகப்பனிடமிருந்து பிரித்து விடுதிப் பாடசாலைகளில் சேர்த்தார்கள். அங்கே தாய்மொழியில் கதைத்தால் தண்டனை. அந்தப் பிள்ளைகள் வளர்ந்து தாங்களும் பெற்றோரானபோது, ‘நாங்கள் பட்டது போதும், நம்ம பிள்ளைக்கு அது வேண்டாம்’ என்று பலர் வீட்டிலும் ஆங்கிலத்துக்கு மாறிவிட்டார்கள். அகராதி அலுமாரியில் பத்திரமாக இருந்தது. மொழி உம்மாவிடமிருந்து பிள்ளைக்குப் போகும் வழிதான் அறுந்தது. இன்று மினசோட்டாவில் அதைத் தாய்மொழியாகக் கற்று வளர்ந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

ஆகவே மீட்பு வேலையும் சின்னப் பிள்ளைகளிடம் தொடங்கியது. நியூசிலாந்தில் மாவோரி மக்கள் 1982இல் ஆரம்பித்த பாலர் பாடசாலைகள் இதற்கு முன்மாதிரி. மினியாபொலிஸ் நகரில் டகோட்டா, ஒஜிப்வே ஆகிய இரு மொழிகளுக்கும் இவ்வகைப் பாலர் வகுப்புகள் நடந்தன. மோர்ட்டனில் ‘டகோட்டா விச்சோஹான்’ என்ற அமைப்பு மொழியையும் வாழ்க்கை முறையையும் சேர்த்தே கற்றுக்கொடுக்கிறது. இந்த முறையில் மொழி ஒரு பாடமல்ல. கை கழுவுவது, சப்பாத்துப் போடுவது, சண்டையை விலக்குவது எல்லாம் அந்த மொழியில்தான். ஆங்கிலத்தில் விளக்கம் சொல்வதில்லை.

உறவுமுறைச் சொற்களை எடுத்துப் பாருங்கள். டகோட்டாவில் தாய் ‘இனா’, தாயின் சகோதரியும் ‘இனா’தான். தகப்பனின் சகோதரரும் தகப்பன் முறை. தாயின் சகோதரனுக்கு வேறு சொல். மூத்த சகோதரனைத் தம்பி ஒரு சொல்லாலும் தங்கை வேறொரு சொல்லாலும் கூப்பிடுவார்கள். டகோட்டா அறிஞர் எல்லா டெலோரியா இந்த உறவுமுறையையே அச்சமூகத்தின் அச்சாணியாகக் கண்டார். யார் யாருக்கு என்ன கடமை என்பது கூப்பிடும் சொல்லிலேயே இருக்கிறது. ‘அங்கிள்’, ‘அன்ரி’ என்றால் அதெல்லாம் போய்விடும். சாச்சா, மாமா, சாச்சி, மாமி என்று பிரித்தறியும் நமக்கு இதை விளக்கத் தேவையில்லை. நம் வீடுகளிலும் இப்போது ‘அங்கிள்’தான் கேட்கிறது என்பது வேறு கதை.

சிக்கல் இல்லாமலில்லை. மொழி தெரிந்த முதியவர்களிடம் ஆசிரியர் சான்றிதழ் இல்லை; சான்றிதழ் வைத்திருப்பவர்களோ வளர்ந்தபிறகு மொழி கற்றவர்கள். வகுப்பறையில் நிற்கிற எனக்கு இது நன்றாக விளங்குகிறது. அதைவிடப் பெரியது வீடு. பின்னேரம் பிள்ளை திரும்பிப் போவது ஆங்கிலம் பேசும் வீட்டுக்கு. அதனால்தான் பெற்றோருக்கும் வகுப்பு வைக்கிறார்கள். ‘பசிக்கிறதா?’, ‘இங்கே வா’, ‘தூங்கு’ என்பவற்றைத் தாயும் தகப்பனும் பிள்ளையோடு சேர்ந்தே படிக்கிறார்கள். பல வீடுகளில் உச்சரிப்பைத் திருத்துவது பிள்ளைதான்.