ஊருக்கு வந்தவரா, ஊரையே வரைஞ்சவரா? பழைய அனிமல் கிராசிங்கும் புது அனிமல் கிராசிங்கும்

(எபிசோடின் எடிட் செய்யப்பட்ட எழுத்து வடிவம்)

அனிமல் கிராசிங் பத்தி எப்பப் பேசினாலும் வர்ற கேள்வி ஒண்ணுதான்: பழசு நல்லா இருக்குமா, புதுசு நல்லா இருக்குமா? இன்னிக்கு அதை உட்கார்ந்து பேசிடலாம். நான் தென்னேரிக்காரன், வேலைக்காக சென்னையில இருக்கேன். ஏரிக்கரை ஊர்ல வளர்ந்தவனுக்கு இந்த கேம் கொஞ்சம் வேற மாதிரி தெரியும். அதையும் சேர்த்தே சொல்றேன்.

முதல்ல, ஆடாதவங்களுக்காக. இந்த கேம்ல எதிரி கிடையாது, ஜெயிக்கிறதும் கிடையாது. விலங்குகள் வாழுற ஒரு ஊர்ல நீங்க ஒரு மனுஷர். மீன் பிடிக்கலாம், பழம் பறிக்கலாம், வீட்டுக் கடனை அடைக்கலாம், அக்கம்பக்கத்துல பேசலாம். கேமுக்குள்ள ஓடுற கடிகாரம் நிஜக் கடிகாரம். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு ஆன் பண்ணா, அங்கேயும் கடை பூட்டியிருக்கும்.

முதல் கேம் 2001 ஏப்ரல்ல ஜப்பான்ல, நின்டெண்டோ 64ல வந்தது. உருவாக்கினவங்கள்ல முக்கியமானவர் கட்சுயா எகுச்சி. டோக்கியோவுக்குப் பக்கத்துல சிபாவுல வளர்ந்தவர். நின்டெண்டோவுல வேலை கிடைச்சு கியோட்டோவுக்குப் போனார். குடும்பத்தையும் நண்பர்களையும் விட்டுட்டு வந்த அந்தத் தனிமையிலிருந்துதான் இந்த கேமோட யோசனை வந்ததுன்னு அவரே சொல்லியிருக்கார். வேலைக்காக ஊரை விட்டு வந்த நமக்கு இதை விளக்கவே வேண்டாம்.

பழசுல ஊர் முதல்ல, நீங்க அப்புறம்

அமெரிக்காவுல 2002ல கேம்க்யூப்ல வந்த பதிப்பை ஒரு நண்பர் வீட்டுல ஆடியிருக்கேன். ரயில்ல வந்து இறங்குவீங்க. ஆறு, அருவி, தண்டவாளம், யார் வீடு எங்க, எல்லாம் ஏற்கெனவே முடிவாகியிருக்கும். மரம் நடலாம், களை பிடுங்கலாம். ஆத்தை ஒரு அடி கூடத் தள்ள முடியாது.

அக்கம்பக்கத்துக்காரங்களும் அப்படித்தான். சிலதுங்க முகத்துக்கு நேரா நக்கல் பண்ணும். ரெண்டு வாரம் எட்டிப் பார்க்கலைன்னா ஊரெல்லாம் களை, வீட்டுல கரப்பான் பூச்சி. உங்களுக்குப் பிடிச்ச ஆள் சொல்லாம கொள்ளாம ஊரை விட்டே போயிருக்கும். சேவ் பண்ணாம ஆஃப் பண்ணீங்கன்னா, அடுத்த தடவை மிஸ்டர் ரிசெட்டிங்கற துன்னெலி மண்ணுக்குள்ளேயிருந்து வந்து நிக்க வெச்சுத் திட்டும். திரும்பத் திரும்பப் பண்ணா திட்டு நீண்டுக்கிட்டே போகும்.

2012ல வந்த நியூ லீஃப்தான் நடுப்படி. அதுல நீங்க மேயர். பாலம் கட்டலாம், பெஞ்ச் போடலாம். ஆனா புதுசா குடி வர்றவங்க அவங்க இஷ்டத்துக்கு வீடு கட்டுவாங்க. நீங்க ஆசையா வளர்த்த பூச்செடி மேலேயே கூட.

புதுசுல எல்லாமே நீங்க

நியூ ஹொரைசன்ஸ் வந்தது 2020 மார்ச் 20. மார்ச் 25ல இந்தியா முழுக்க ஊரடங்கு. அஞ்சே நாள் இடைவெளி. வெளியில எதுவுமே நம்ம கையில இல்லாத நேரத்துல, ஒரு ஆளில்லாத் தீவு முழுசா நம்ம கையில. அந்தச் சமயத்துல அது எவ்வளவு பெரிய ஆறுதல்னு ஆடினவங்களுக்குத் தெரியும்.

இதுல யார் வீடு எங்கன்னு நீங்க சொல்லலாம். கொஞ்ச நாள் ஆடினப்புறம் ஆத்தைத் தூர்க்கலாம், புதுசா வெட்டலாம், மேட்டை இடிக்கலாம். உங்க சம்மதம் இல்லாம யாரும் ஊரை விட்டுப் போக மாட்டாங்க. கேம் தானா சேவ் ஆகிடும், அதனால ரிசெட்டிக்கும் திட்டுற வேலை போச்சு.

புதுசு தெளிவா ஜெயிக்கிற ஒரு இடம் உண்டு. பழைய கேம்கள்ல உங்க தோல் நிறத்தை நீங்க தேர்ந்தெடுக்க முடியாது. நியூ லீஃப்ல கருப்பாகணும்னா வெயில்ல நின்னுதான் ஆகணும். கொஞ்ச நாள்ல அதுவும் மங்கிடும். நியூ ஹொரைசன்ஸ்லதான் ஆரம்பத்துலேயே நிறத்தைத் தேர்ந்தெடுக்கலாம், எந்த முடி அலங்காரமும் யாரும் வெச்சுக்கலாம். நம்ம நிறத்துல நம்ம ஆள் திரையில நடக்குறதுக்கு இத்தனை வருஷம் ஆகியிருக்கு. "பழசுதான் பொற்காலம்"னு சொல்றவங்க இதை மறந்துடக் கூடாது.

சரி, அப்புறம் என்ன குறை?

ஒரகடம், வாலாஜாபாத் பக்கம் போனீங்கன்னா ரோட்டோரம் கொடி நட்டு, கல் பதிச்சு லேஅவுட் போட்டிருப்பாங்க. நேர் ரோடு, ஒரே அளவு மனை. நியூ ஹொரைசன்ஸ் தீவு நிறைய பேர் கையில அப்படித்தான் ஆகுது. அழகா இருக்கும். ஆனா அது லேஅவுட், ஊர் இல்லை.

தென்னேரியில ஏரிதான் முதல்ல. திரையனேரிங்கற பேர்தான் தென்னேரி ஆச்சுன்னு சொல்வாங்க. கரை, மதகு, கலங்கல் எங்க இருக்கோ அதைப் பார்த்துதான் வயல், வயலைப் பார்த்துதான் வாய்க்கால். ஏரி நிரம்பினா கலங்கல் வழியா வழியுற தண்ணி கீழே இருக்கறவங்களைத் தேடிப் போகும். அதனால தண்ணியை யாரும் தனியா முடிவு பண்ண முடியாது. எங்க மாவட்டத்துலேயே உத்திரமேரூர்ல, முதலாம் பராந்தக சோழன் காலத்து 919, 921ஆம் வருஷக் கல்வெட்டுகள் இருக்கு. ஏரியைப் பார்த்துக்க ஏரி வாரியம்னு ஒரு குழு, அதுக்குக் குடவோலை முறையில ஆள் எடுப்பாங்க, 360 நாள்தான் பதவி. அது எல்லாருக்கும் திறந்த கதவு இல்லை. நிலமும் வேதப் படிப்பும் உள்ள ஆண்களுக்கு மட்டும்தான். ஆனா ஏரி ஒரு ஆளோட கையில இருக்கக் கூடாதுன்னு அன்னிக்கே புரிஞ்சிருக்கு.

நியூ ஹொரைசன்ஸ்ல நீங்க ஆத்தைத் திருப்பினா யார் வீட்டுக்குள்ளேயும் தண்ணி வராது. நிஜத்துல என்ன ஆகும்னு 2015 டிசம்பர்ல முடிச்சூரும் வேளச்சேரியும் பார்த்தாச்சு. கேம் பாடம் எடுக்கணும்னு நான் சொல்லல. ஆனா எதுவுமே நம்மை எதிர்த்து நிக்காத இடத்துல கொஞ்ச நாள்ல சலிப்பு வருது. எல்லாரும் அன்பாவே பேசுறாங்க. யாரும் கோச்சுக்கிட்டுப் போக மாட்டாங்க. அப்புறம் அவங்க நம்மகூட இருக்கறதுக்கு என்ன மதிப்பு? பழசுல அந்த நக்கல் பிடிச்ச ஆள் ஒரு நாள் நல்ல வார்த்தை சொன்னா, அன்னிக்கு முழுக்க சந்தோஷமா இருக்கும்.

என் சிபாரிசு இதுதான். புதுசா ஆரம்பிக்கிறவங்க நியூ ஹொரைசன்ஸே ஆடுங்க. ஆனா மூணு கட்டுப்பாடு போட்டுக்கோங்க: ஆத்தைத் தொடாதீங்க, முகம் பிடிக்கலைன்னு யாரையும் துரத்தாதீங்க, போறேன்னு கேக்குறவங்களைப் போக விடுங்க. ஒரு மாசத்துல அந்தத் தீவு வேற மாதிரி ஆகிடும்.

இன்னொண்ணு. அவ்வளவு சுதந்திரம் கொடுத்த அந்த கேம்லயே ஆறு கடல்ல கலக்குற முகத்துவாரத்தை மட்டும் யாராலயும் நகர்த்த முடியாது. கடுப்பா இருக்குன்னு பல பேர் புலம்புவாங்க. எனக்கு அந்தத் தீவுல ரொம்பப் பிடிச்ச இடமே அதுதான்.

உங்க தீவு எப்படி இருக்குன்னு எழுதுங்க. அடுத்த எபிசோடுல பேசலாம்.