வீட்டை விரிவாக்கும்போது புகைபோக்கியை மாற்றியமைத்தல்

கொச்சி அரச குடும்பத்தினரின் இருப்பிடமாக விளங்கிய திருப்பூணித்துறை, இன்று எர்ணாகுளம் நகரத்தோடு ஏறக்குறைய ஒன்றிவிட்டது. 2024ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் கொச்சி மெட்ரோ இரயிலும் இவ்வூரை எட்டியது. மனைகள் சிறுத்துவரும் இத்தகைய ஊர்களில், இருக்கும் வீட்டையே பின்புறத்திலும் மேற்புறத்திலும் விரிவாக்கிக் கொள்வோர் பலர். அவ்வாறு விரிவாக்கும்போது அறையின் அளவு, சன்னலின் திசை, தரையின் நிறம் ஆகியவை பற்றியெல்லாம் ஆலோசிக்கிறோம். ஆனால் பழைய சுவரின் மேல் ஏறிச் செல்லும் புகைபோக்கியை நினைப்பவர் சிலரே. இம்மறதி உயிருக்கே கேடு விளைவிக்கக் கூடியது.

நாள்தோறும் சமைப்பதற்கு எரிவாயு வந்துவிட்டது. எனினும் மட்டை அரிசி வேக நெடுநேரம் ஆவதாலும், குளிக்க வெந்நீர் வேண்டியிருப்பதாலும், தென்னை மட்டையும் சிரட்டையும் தோட்டத்திலேயே கிடைப்பதாலும் விறகடுப்பைப் பல குடும்பங்கள் இன்னும் கைவிடவில்லை. அடுக்களையை ஒட்டி ‘வொர்க் ஏரியா’ என்று வழங்கும் பின்கட்டு ஒன்றைக் கட்டிக் கூரை வேய்கிறார்கள். முன்பு வெளிச்சுவரில் முடிவுற்ற குழாய், இப்போது அப்பின்கட்டுக்குள்ளேயே முடிகிறது. முன்னர் வானவெளியில் கலந்த புகை, இனி மக்கள் நடமாடும் அறையில் தேங்கும்.

ஓடு செய்த உதவி

பழைய வீடுகளில் இத்தொல்லை பெரிதாகத் தோன்றவில்லை. மங்களூரில் பாசல் மிஷன் 1865ஆம் ஆண்டு தொடங்கிய ஆலையிலிருந்து பரவிய ஓடுகள், ஒன்றன்மேல் ஒன்று பொருந்தினாலும் இடையே சிறு இடுக்குகளை விட்டுவைத்தன. அவற்றின் வழியே புகை கசிந்து வெளியேறியது. அடுக்களையின் உத்திரம் கரி படிந்து கறுத்தது. ஆயினும் காற்றுக்கு வழி இருந்தது. ஓட்டுக் கூரையை நீக்கிக் கான்கிரீட்டுத் தளம் போட்டதும் அவ்வழி அடைபட்டது. ஆகவே, கூரை மாறும் வீட்டில் புகைபோக்கியின் பொறுப்பு இரட்டிப்பாகிறது.

புகையில்லா அடுப்பு நம் நாட்டிற்குப் புதிதன்று. ஹைதராபாத் பொறியியல் ஆராய்ச்சிச் சாலையைச் சேர்ந்த டாக்டர் எஸ். பி. ராஜு, 1950களிலேயே புகைபோக்கியுடன் கூடிய அடுப்பை வடிவமைத்துப் பரப்பினார். பின்னர் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் உருவான ‘அஸ்திரா ஒலெ’யும், கேரள சாஸ்திர சாகித்திய பரிஷத்து பரப்பிய ‘பரிஷத் அடுப்பு’ம் வந்தன. 1980களில் தொடங்கிய தேசிய மேம்பட்ட அடுப்புத் திட்டம் 2002ஆம் ஆண்டு வரை நடைபெற்றது. அடுப்பை அமைத்துக் கொடுத்தால் மட்டும் போதாது, புகைபோக்கியைப் பேணுவதற்கும் வழி செய்ய வேண்டும் என்பது அம்முயற்சிகள் தந்த பாடம்.

புகை ஏன் மேலே செல்கிறது?

முப்பது டிகிரி உஷ்ணமுள்ள காற்று ஒரு கன மீட்டருக்குச் சுமார் 1.16 கிலோகிராம் எடையுள்ளது. 150 டிகிரி உஷ்ணமுள்ள காற்றோ சுமார் 0.83 கிலோகிராமே இருக்கும். இவ்வேறுபாட்டினால், வெளியேயுள்ள கனத்த காற்று உள்ளே புகுந்து, குழாயிலுள்ள இலேசான காற்றை மேலே தள்ளுகிறது. மூன்று மீட்டர் உயரமுள்ள புகைபோக்கியில் இவ்விழுவிசை எவ்வளவு எனக் கணக்கிட்டால், ஒரு மில்லிமீட்டர் உயரமுள்ள தண்ணீரின் அழுத்தத்திற்கு மேற்படாது. இத்துணை மெல்லிய விசையை நம்பியே புகைபோக்கி இயங்குகிறது. ஒரு தேவையற்ற வளைவு, ஒரு கைப்பிடிக் கரி, எதிர்த்துச் சுழலும் ஒரு மின்விசிறி ஆகிய எதுவும் இதை முறியடிக்கும்.

முறிந்தால் நேரும் தீங்கு கண்ணெரிச்சலோடு நிற்பதில்லை. போதிய பிராணவாயு இன்றி எரியும் விறகும் எரிவாயுவும் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவாயுவை வெளியிடுகின்றன. அதற்கு நிறமில்லை, மணமுமில்லை. இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினுடன் அது பிராணவாயுவைக் காட்டிலும் இருநூறு மடங்குக்கு மேல் இறுகப் பிணையும். தலைவலி, மயக்கம், குமட்டல் ஆகியவை முதற் குறிகள். வீட்டிலுள்ள பலருக்கும் ஒரே வேளையில் தலைவலி கண்டால், சளி என்றோ பித்தம் என்றோ கருதிப் படுத்துவிடலாகாது. உறக்கத்திலேயே உயிர் பிரியக்கூடும்.

கடைப்பிடிக்க வேண்டிய விதிகள்

1. வரைபடத்திலேயே புகைபோக்கியின் முழுப் பாதையையும் குறித்துவிட்டுப் பின்னரே நகராட்சி அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். சுவர் எழுந்தபின் வழி தேடுவது முறையன்று.

2. குழாயின் வாய் திறந்த வெளியில் முடிய வேண்டும். புதிய பின்கட்டு, தாழ்வாரம், பரண், கூரைச் சரிவின் அடிப்புறம், அண்டை வீட்டுச் சன்னலின் அருகு ஆகியவை ஏற்ற இடங்களல்ல.

3. கூரையைத் துளைத்து வெளிவரும் இடத்திலிருந்து குறைந்தது 90 சென்டிமீட்டரும், மூன்று மீட்டர் சுற்றளவுக்குள் உள்ள எப்பகுதியைக் காட்டிலும் 60 சென்டிமீட்டரும் உயர்ந்திருப்பது பல நாடுகளில் பின்பற்றப்படும் அளவு. மேல்மாடி கட்டினால் புகைபோக்கியும் அதற்கேற்ப உயர வேண்டும்.

4. பாதை கூடியவரை நேராக இருத்தல் நலம். திருப்பம் தவிர்க்க முடியாதபோது செங்கோணமாக மடக்காமல் சாய்வாகத் திருப்புக. படுக்கையாகச் செல்லும் குழாய் மிகக் குறுகியதாகவும், மேல்நோக்கிச் சற்றே ஏறுவதாகவும் இருக்க வேண்டும்.

5. குழாயின் விட்டத்தை இடையில் குறைக்கலாகாது. ஓர் அடுப்பின் குழாயில் மற்றோர் அடுப்பின் குழாயை இணைத்தலும் கூடாது.

6. மரச் சட்டங்களையும் ஓலைக் கூரையையும் குழாய் தொடாதபடி போதிய இடைவெளி விடுக. அவ்விடைவெளியை எரியாப் பொருளால் காக்க.

7. கரியை அகற்றுவதற்குத் திருப்பங்களில் மூடியுள்ள துவாரம் அமைக்க வேண்டும். பொய்க்கூரைக்குள் குழாயை மறைப்பவர்கள் சோதித்துப் பார்க்கவும் வழி விட வேண்டும். பிரிட்டனில் கொதிகலன் குழாய்கள் கூரை இடுக்குகளில் மறைந்துபோனதால் விளைந்த ஆபத்தை எண்ணியே, அங்கு இத்தகைய சோதனைத் திறப்புகள் வலியுறுத்தப்படுகின்றன.

8. பழைய குழாய் கல்நார் சிமெண்டினால் ஆனதாயின், அதை அறுக்கவோ உடைக்கவோ துளையிடவோ வேண்டாம். அத்தூசி நுரையீரலுக்குக் கொடிய பகை. நனைத்து, உடையாமல் கழற்றி அகற்றுவதே தக்கது.

9. புகை வெளியேற வேண்டுமாயின் புதுக்காற்று உள்ளே வர வேண்டும். அடைக்க முடியாத காற்றுத் துவாரம் ஒன்று அடுப்புள்ள அறையில் இருத்தல் அவசியம். மூடிய அறையில் காற்றை வெளியே தள்ளும் மின்விசிறி சுழன்றால், அது புகைபோக்கியின் வழியே புகையைக் கீழே இழுக்கும்.

10. ஆண்டில் பல மாதங்கள் மழை பொழியும் கேரளத்தில், குழாயின் உச்சியில் மழைத்தொப்பி தேவை. ஈர விறகு மிகுந்த கரியையும் கீலையும் படியச் செய்வதால், மழைக்காலத்தில் மாதம் ஒருமுறையேனும் குழாயைத் துப்புரவு செய்க.

எரிவாயுவினால் இயங்கும் வெந்நீர்க் கருவிக்கும் இத்தத்துவமே பொருந்தும். குளியலறையின் சன்னலை அடைத்துப் புதிய அறை எழுப்புமுன், அக்கருவியைக் காற்றோட்டமுள்ள வெளிப்புறத்திற்கு மாற்றிவிட வேண்டும். மூடிய குளியலறைக்குள் அது ஒருபோதும் இருத்தலாகாது.

சோதனையும் கற்பித்தலும்

வேலை முடிந்ததும் கதவு, சன்னல்களை மூடி, மின்விசிறியை ஓடவிட்டு, அடுப்பை மூட்டிச் சில நிமிடங்களுக்குப் பின் அடுப்பின் வாயருகே ஓர் ஊதுபத்தியைப் பிடிக்க வேண்டும். புகை உள்ளே இழுக்கப்பட்டால் நன்று. அது அறையை நோக்கித் திரும்பினால் உடனே அடுப்பை அணைத்து, கதவுகளைத் திறந்து, குறையைக் களைந்த பின்னரே மீண்டும் பயன்படுத்த வேண்டும். எவரேனும் மயங்கி விழுந்தால், முதலில் அவரை வெளிக்காற்றுக்குக் கொணர்ந்து, 108 என்ற எண்ணில் ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும்.

ஆசிரியர்கள் இதை வகுப்பிலேயே விளக்கலாம். எரியும் மெழுகுவர்த்தியின் மீது இருபுறமும் திறந்த கண்ணாடிச் சிமினியை, அடியில் இரு குச்சிகள் வைத்துச் சற்று உயர்த்தி நிறுத்துக. சுடர் நிமிர்ந்து எரியும். குச்சிகளை எடுத்து அடிப்புறத்தை அடைத்தால், மேல்வாய் திறந்திருந்தும் சுடர் தளர்ந்து அணையும். காற்று வரும் வழியும் போகும் வழியும் இரண்டும் வேண்டும் என்பதைச் சிறுவர்கள் கண்ணால் கண்டு அறிவார்கள்.

கள அலுவலர்கள் வீடுகளுக்குச் செல்லும்போது, புதிய சுவரைப் பார்த்ததும் பழைய புகைபோக்கி எங்கே போயிற்று என ஒரு வினா எழுப்புவது நன்று. வீட்டிற்கு ஓர் அறை கூடுவது மகிழ்ச்சிக்குரியது. அவ்வறையில் உறங்குவோர் காலையில் நலமுடன் எழ வேண்டுமென்பதே இவ்விதிகளின் நோக்கம்.