தாழியும் திரையும்

கடற்கரையில் ஓய்வெடுக்கச் செல்வோர் பழஞ்சுவடுகளைத் தேடுவதில்லை. பழஞ்சுவடுகளைத் தேடுவோர் கடலில் கால் நனைப்பதுமில்லை. இரண்டையும் ஒரே யாத்திரையில் முடிக்கலாம் என்ற எண்ணம் எங்களுக்கு எழுந்தது கனடாவில் வாழும் உறவினர் ஒருவரால். அவரும் மனைவியும் மெக்சிக்கோவின் கரீபியன் கரைக்குச் சென்று, மாயர்கள் கட்டிய துலும் என்னும் மதில்நகரின் இடிபாடுகளுக்கு முன் நின்ற படங்களை அனுப்பியிருந்தனர். நீலக் கடல், அதன்மேல் செங்குத்தான பாறை, உச்சியில் கற்கோயில். என் மனைவி அவற்றைப் பார்த்துவிட்டு, "இஞ்சாருங்கோ, இதுக்கு இவ்வளவு தூரம் போகவேணுமே? புத்தளத்திலை இல்லாததோ?" என்றாள். முப்பது ஆண்டு வரலாறு கற்பித்தவளுக்கு மறுமொழி சொல்வது எளிதன்று. தவிரவும், முந்திய ஆண்டு அவளுக்கு இருதயத்தில் சத்திரசிகிச்சை நடந்திருந்தது. கடற்காற்று நல்லது என்று வைத்தியரும் சொல்லியிருந்தார்.

மாசி மாதத்தில் புறப்பட்டோம். அப்பொழுதுதான் கற்பிட்டிக் கடல் அமைதியாயிருக்கும். வைகாசியில் தென்மேற்குக் காற்று எழுந்துவிட்டால், பட்டத்தைப் பிடித்துக்கொண்டு அலைமேற் சறுக்கும் வெளிநாட்டு இளைஞருக்கே அக்கடல் உரியது. ஆலங்குடாவில் தென்னோலை வேய்ந்த குடிலொன்றில் தங்கினோம். காலையில் படகேறிச் சென்றால் ஓங்கில்கள் கூட்டங் கூட்டமாய் நீரினின்று துள்ளி, அந்தரத்திற் பம்பரம்போற் சுழன்று விழுந்தன. கரையிலோ கரைவலை இழுப்போரின் ஏலேலோப் பாட்டு. இவற்றுக்கெல்லாம் பின்னணியாக, 2011 இல் இயங்கத் தொடங்கிய நுரைச்சோலை நிலக்கரி மின்நிலையத்தின் புகைபோக்கி வானை முட்டிக்கொண்டு நின்றது. அழகிய காட்சி என்று எழுத எனக்கு மனம் வரவில்லை.

கற்பிட்டிக் கோட்டை ஒல்லாந்தருடையது. 1659 இல் போர்த்துக்கேயரிடமிருந்து அவ்விடத்தைப் பறித்து, 1667 முதல் 1676 வரை கட்டி முடித்தார்கள். களப்பின் வாயிலைக் காவல் செய்வோன் புத்தளத்துக்கு வரும் தோணிகளையும், அவ்வழியே கண்டியரசன் நடத்திய வாணிகத்தையும் தன் பிடிக்குள் வைத்திருக்கலாம் என்பதே உட்கருத்து. 1795 இல் அது ஆங்கிலேயர் கைக்கு மாறியது. மதில்களையும் வாயில்வளைவையும் பார்த்து முடிக்க அரைமணி நேரம் போதும். எனக்கோ அவ்வூரின் பெருமை கோட்டையிலன்று, 1807 இல் அங்கே பிறந்த சைமன் காசிச்செட்டியில் இருக்கிறது. 1834 இல் இலங்கையின் ஊர்களையும் ஆறுகளையும் அகரவரிசைப்படுத்திச் 'சிலோன் கசற்றியர்' வெளியிட்டவர் அவர். 1859 இல் 'தமிழ் புளூராக்' என்ற பெயரில் தமிழ்ப் புலவர் வரலாற்றை ஆங்கிலத்தில் எழுதியவரும் அவரே. புலவர் சரிதம் தொகுத்த பின்னோர் அனைவருக்கும் வழிகாட்டிய நூல் அது. ஒல்லாந்தர் கோட்டையைக் காட்ட வழிகாட்டிகள் பலர் முன்வருகிறார்கள். காசிச்செட்டியாரைப் பற்றிக் கேட்டால் முகத்தைப் பார்க்கிறார்கள்.

புத்தளத்தைப்பற்றி ஒரு சொல். 1344 இல் இபுன் பதூதா காற்றால் அலைக்கழிந்து கரைசேர்ந்தது இங்கேதான். 'பத்தாலா' என்று அவர் குறித்த பட்டினத்தில் ஆரியச் சக்கரவர்த்தி வீற்றிருந்தான். அவனுக்குப் பாரசீக மொழி விளங்கியது. முத்தைக் காட்டி உரையாடி, விருந்தாளியைச் சிவனொளிபாதமலைக்கு வழித்துணையோடு அனுப்பிவைத்தான். இன்றைய புத்தளத்தில் அந்த மரமதிலின் அடையாளம் எதுவுமில்லை. உப்பளங்கள் உண்டு.

பொம்பரிப்புக்குச் செல்ல வில்பத்துக் காட்டினுள் ஜீப்பில் போகவேண்டும். கலா ஓயாவுக்கும் மோதரகம் ஆற்றுக்கும் இடைப்பட்ட சமநிலம் அது. முதுமக்கள் தாழிகள் நெருக்கமாய்ப் புதைக்கப்பட்ட இடுகாடு மண்ணின் கீழ் இருக்கிறது. துலுமைப்போல் நிமிர்ந்து நிற்கும் எதுவும் இங்கில்லை. ஆயினும் துலும் எழுவதற்கு ஆயிரம் ஆண்டுக்கு மேல் முந்தியது இவ்விடுகாடு. 1970 இல் விமலா பெக்லி தலைமையில் இங்கு அகழாய்வு நடந்தது. கருப்பு சிவப்பு மட்கலங்கள், தாழிக்குள் சேர்த்துவைத்த எலும்புகள் ஆகியன வெளிப்பட்டன. மன்னார்க் கடலுக்கு அப்பால், தாமிரபரணிக் கரையிலுள்ள ஆதிச்சநல்லூரின் தாழிகளோடு இவற்றுக்குள்ள ஒற்றுமையை அறிஞர் பலர் எடுத்துக்காட்டியுள்ளனர். அதனாலேயே இம்மட்கலங்கள்மீது உரிமை கொண்டாடுவோரும், அவ்வுரிமையை மறுப்போரும் ஏராளம். இரு கரையிலும் ஒரே வகை ஈமவழக்கம் இருந்தது என்பது மட்டும் உறுதி. எலும்பு தன் மொழியைச் சொல்லாது; சொல்லவைப்போர் நாம்தாம்.

ஒரே தாழியில் ஒருவருக்கு மேற்பட்டோரின் எலும்புகளும் இருந்தன என்று மனைவிக்குச் சொன்னேன். அவள் உடனே புறநானூற்றின் 256ஆம் பாட்டை நினைவூட்டினாள். கணவனை இழந்தவள் குயவனிடம், தனக்கும் இடம் இருக்கும்படி தாழியை அகலமாய் வனையக் கேட்கும் பாட்டு அது. வகுப்பறையில் எத்தனையோ முறை அதற்கு நான் பொருள் கூறியிருக்கிறேன். சற்று நேரம் மண்ணையே பார்த்திருந்தவள், "அப்ப ரெண்டு பேருக்கும் ஒண்டு காணும்" என்றாள், கடையிற் சாமான் வாங்குபவள்போல. எனக்குப் பேச நா எழவில்லை. சாரதியிடம் வண்டியை எடுக்கச் சொன்னேன்.

குதிரைமலை முனை கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் செம்மண் மேடு. அல்லியரசாணி ஆண்டாள், பெருங் குதிரைச் சிலையொன்று கடலை நோக்கி நின்றது என்பன வழிவழி வரும் கதைகள். சங்கப் பாட்டில் பிட்டங்கொற்றனுக்குரிய குதிரைமலை இதுவே என்பாரும் உளர். அவன் சேரனின் படைத்தலைவனாதலால், கொங்குநாட்டு மலையொன்றைக் கொள்வதே பொருந்தும் என்பது என் கருத்து. பிளினி கூறும் 'இப்புரோசு' என்னும் துறை இது என்பதற்கு அதனினும் வலுவுண்டு. அப்பெயரிலும் கிரேக்கரின் குதிரை ஒளிந்திருக்கிறது. குளோடியசு ஆண்ட காலத்தில், அதாவது கி.பி. 41க்கும் 54க்கும் இடையில், அன்னியசு புளோக்காமசு என்பவனின் விடுதலையடைந்த அடிமை அரேபியக் கரையிலிருந்து காற்றால் அடிபட்டு 15ஆம் நாள் அத்துறையை அடைந்தான். அவன் கொணர்ந்த உரோம நாணயங்கள் வெவ்வேறு அரசரின் உருவம் தாங்கியும் ஒரே எடையாயிருந்தது கண்டு வியந்த நம் அரசன், உரோமுக்குத் தூதர் நால்வரை அனுப்பினான். வந்தவன் ஆறு மாதம் தங்கி இந்நாட்டு மொழியைக் கற்றுக்கொண்டானாம். எம்மொழி என்று பிளினி எழுதிவைக்கவில்லை.

"ஆறு மாதத்திலையோ?" என்றாள் மனைவி. "எங்கடை பிள்ளையள் பத்து வருசம் பள்ளிக்கூடத்திலை சிங்களம் படிச்சும் கடையிலை ஒரு சாமான் கேட்டு வாங்கத் தெரியாமல் நிக்குதுகள்."

காலைமுதல் எங்களோடு நல்ல தமிழிலேயே பேசிவந்த சிங்களச் சாரதி வாய்விட்டுச் சிரித்தார். ஆறு மணிக்குள் காட்டைவிட்டு வெளியேற வேண்டும் என்று சொல்லி வண்டியைத் திருப்பினார்.