மலை ஓட்டமும் குளிரும்

பெங்களூரில் இருந்து வடக்கே சுமார் 60 கிலோமீட்டர் போனால் நந்தி மலை வரும். நம்முடைய பாலாறும் தென்பெண்ணையும் இந்தப் பக்கத்து மலைகளில்தான் பிறக்கின்றன. நந்தி மலையின் உயரம் 1,478 மீட்டர். பெங்களூரு நகரத்தின் உயரம் சுமார் 920 மீட்டர். உயரம் கூடக் கூடக் குளிரும் கூடும். நகரத்தை விட மலை உச்சியில் வெப்பம் 3 டிகிரி போலக் குறைவாக இருக்கும். காற்றும் பலமாக வீசும்.

மார்கழி, தை மாதங்களில் விடியற்காலையில் இங்கே பலர் மலை ஏறி ஓடுகிறார்கள். பெங்களூரைச் சுற்றி உள்ள மலைகளில் ஓட்டப் போட்டிகளும் நடக்கின்றன. தார் ரோட்டில் ஓடுவது வேறு. மலைப் பாதையில் ஓடுவது வேறு. கல், மண், வேர், பனியில் நனைந்த புல் எல்லாம் காலுக்குக் கீழே வரும்.

ஏறும்போது குளிர் தெரியாது. ஏன்? தசைகள் வேலை செய்யும்போது உடலில் சூடு பிறக்கிறது. உடம்பு வியர்க்கிறது. சட்டை நனைகிறது. குளிர்காலத்தில் இது என்ன வியர்வை என்று ஓடுகிறவருக்கே வியப்பாக இருக்கும்.

தொல்லை வருவது பிறகுதான். மண்பானைத் தண்ணீர் ஏன் சில்லென்று இருக்கிறது? பானையின் மேல் கசியும் ஈரம் காற்றில் காய்கிறது. காயும்போது சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. நனைந்த சட்டையும் உடம்பில் இதையே செய்கிறது. உச்சியில் நின்றாலும், மெதுவாக இறங்கினாலும் தசைகளில் பிறக்கும் சூடு குறைகிறது. ஆனால் ஈரமும் காற்றும் குறைவதில்லை.

நமது உடலின் சூடு சுமார் 37 டிகிரி. அது 35 டிகிரிக்குக் கீழே போனால் ஆபத்து. முதலில் உடம்பு நடுங்கும். விரல்கள் விறைக்கும். பேச்சு குழறும். நடை தள்ளாடும். புத்தி தடுமாறும். நடுக்கம் தானாக நின்றுவிட்டால் குணமாகிவிட்டது என்று நினைக்கக் கூடாது. நிலைமை மோசமாகிவிட்டது என்று பொருள்.

2021 மே 22 அன்று சீனாவில் கான்சு மாகாணத்தில் 100 கிலோமீட்டர் மலை ஓட்டம் நடந்தது. 172 பேர் ஓடினார்கள். அது குளிர்காலம்கூட இல்லை. பலர் அரைக்கால் சட்டையும் மெல்லிய பனியனும்தான் போட்டிருந்தார்கள். திடீரென்று ஆலங்கட்டி மழையும் சூறைக்காற்றும் வந்தன. 21 பேர் இறந்தார்கள். நாடறிந்த ஓட்ட வீரர்களும் அவர்களில் உண்டு. பலம் இருந்தால் குளிர் ஒன்றும் செய்யாது என்று சொல்ல முடியுமா? அந்த மலையில் ஆடு மேய்த்த ஒருவர் ஒரு குகையில் ஒதுங்கி இருந்தார். அவர் ஓட்டக்காரர்களை உள்ளே அழைத்து வந்தார். தீ மூட்டினார். போர்வை கொடுத்தார். ஆறு பேர் பிழைத்தார்கள்.

அவர் செய்ததுதான் சரியான முதலுதவி. காற்று படாத இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். ஈரத் துணியைக் கழற்ற வேண்டும். உலர்ந்த கம்பளியால் போர்த்த வேண்டும். நினைவு இருந்தால் சூடான, இனிப்பான பானம் தரலாம். சாராயம் கூடவே கூடாது. அது உடம்பைச் சூடாக்குவது போலத் தோன்றும். உண்மையில் உள்ளே உள்ள சூட்டைத் தோல் வழியாக வெளியேற்றிவிடும். நினைவு தடுமாறுகிறவரை உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

நந்தி மலையில் ஆலங்கட்டி அபூர்வம். ஆனாலும் ஈரமும் காற்றும் உண்டு. பருத்தி பனியன் வியர்வையைக் குடித்து வைத்துக்கொள்ளும். சீக்கிரம் காயாது. ஓடுகிறவர்கள் நைலான் போன்ற மெல்லிய துணியை விரும்புவது அதனால்தான். காற்றைத் தடுக்கும் சட்டை ஒன்றை மடித்து இடுப்பில் கட்டிக்கொள்ளலாம். காது மூடும் தொப்பியும் நல்லது. குளிரில் தாகம் தெரியாது. இருந்தாலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் குடிக்க வேண்டும். இறங்கும்போது சின்னச் சின்ன அடியாக வைக்க வேண்டும். விறைத்த கால் எளிதில் பிசகும்.

அடிவாரத்துக்கு வந்ததும் எல்லோருக்கும் சூடான காப்பி நினைவுக்கு வரும். முதலில் ஈரச் சட்டையை மாற்ற வேண்டும். காப்பி அதற்குப் பிறகு.