விசைக்கு முகம் இல்லை

சென்னையில் ஒரு மேக் கணினி. லண்டனில் ஒரு விண்டோஸ் கணினி. இங்கே மவுஸைச் சொடுக்கினால் அங்கே கோப்பு திறக்கிறது. இரண்டும் வெவ்வேறு இயங்குதளங்கள். இருந்தும் எப்படி ஒத்துப்போகின்றன?

1990களின் இறுதியில் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில், ஒலிவெட்டி ஆய்வுக்கூடத்தில் உருவான விஎன்சி என்ற தொலைக்கட்டுப்பாட்டு மென்பொருள் இதற்கு மிக எளிய வழி கண்டது. 'இந்த இடத்தில் இந்தச் செவ்வகத்தை வரை' என்று தொலைவிலுள்ள கணினி சொல்லும். நம் கணினி வரையும். நாம் தட்டும் விசைகளும் மவுஸின் அசைவுகளும் எதிர்த்திசையில் போகும். வண்ணப் புள்ளிகளுக்கு விண்டோஸ், மேக், லினக்ஸ் என்ற பேதம் கிடையாது.

1920×1080 திரையில் 20 லட்சத்துக்கும் அதிகமான புள்ளிகள். ஒரு புள்ளிக்கு 3 பைட் வைத்தாலும் ஒரே காட்சி 6 எம்பியைத் தாண்டும். அதனால்தான் முழுத்திரையையும் திரும்பத் திரும்ப அனுப்பாமல், மாறிய பகுதியை மட்டும் சுருக்கி அனுப்புகிறார்கள். மைக்ரோசாஃப்டின் தொலைக்கட்டுப்பாட்டு நெறிமுறையான ஆர்டிபியோ, படங்களோடு வரைவதற்கான கட்டளைகளையும் அனுப்பிச் சுமையைக் குறைத்தது.

ஆபத்தும் இந்த எளிமையில்தான் இருக்கிறது. வந்து சேரும் விசையழுத்தம் உரிமையாளருடையதா, திருடனுடையதா என்று கணினிக்குத் தெரியாது. அடையாளச் சோதனையெல்லாம் வாசலிலேயே முடிந்தாக வேண்டும். ஆர்டிபியின் வழக்கமான வாசல் 3389ஆம் போர்ட். அது இணையத்தில் திறந்து கிடக்கிறதா என்று தானியங்கி நிரல்கள் ஓயாமல் தேடுகின்றன. கிடைத்தால் கடவுச்சொற்களை வரிசையாகப் போட்டுப் பார்க்கின்றன.

2019இல் ஆர்டிபியில் வெளிப்பட்ட 'புளூகீப்' ஓட்டைக்குக் கடவுச்சொல்கூடத் தேவைப்படவில்லை. உள்நுழைவதற்கு முன்பே தாக்க முடிந்தது. 2014லேயே ஆதரவு நிறுத்தப்பட்ட விண்டோஸ் எக்ஸ்பிக்கும் மைக்ரோசாஃப்ட் திருத்தம் வெளியிட நேர்ந்தது என்றால், ஆபத்தின் அளவு புரியும்.

தற்காப்பு உண்டு. போர்ட்டை நேரடியாக இணையத்தில் திறக்காமல் விபிஎன் வழியாக மட்டும் அனுமதிப்பது, கடவுச்சொல்லோடு இரண்டாவது சோதனையும் வைப்பது, புதுப்பிப்புகளைத் தள்ளிப்போடாமல் இருப்பது.

ஆனால், 'வங்கியிலிருந்து பேசுகிறோம், இந்தச் செயலியைப் போடுங்கள்' என்பவரை நாமே உள்ளே விட்டால் இவை எதுவும் உதவாது. அந்தச் செயலி காட்டும் எண்ணை அவர் கேட்டால் சொல்லாதீர்கள். சொல்லிவிட்டிருந்தால், முதலில் இணையத்தைத் துண்டியுங்கள். அடுத்து, வங்கியை அழையுங்கள்.